உஷார்! கத்திக்கு முன்னால் வரும் ஊசி

உங்கள் வீட்டில் யாருக்காவது இதயச் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்திருக்கிறதா? வால்வு மாற்றவோ, பைபாஸ் செய்யவோ, பிள்ளையின் இதயத்தில் உள்ள ஓட்டையை அடைக்கவோ? அப்படியென்றால் இதை இன்றைக்கே வாசியுங்கள். நோயாளிக்குத் துணையாகப் போய் வைத்தியசாலையில் நிற்கப் போகிறவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். திகதி வந்த பிறகு இதற்கு நேரம் கிடைக்காது.

எங்கள் மன்னார்ப் பக்கத்தில், பெரியமடுவில் என்றாலும் விடத்தல்தீவில் என்றாலும், ஒப்பரேஷன் என்றதும் சனம் நடுங்குவது நெஞ்சைத் திறக்கிற கத்தியை நினைத்துத்தான். மயக்க ஊசியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "ஊசி போட்டா நித்திரை, எழும்பினா எல்லாம் முடிஞ்சிருக்கும்" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் பழுதான இதயம் ஒன்று அன்றைய நாளில் கடக்க வேண்டிய மிக ஆபத்தான கட்டங்களில் ஒன்று, கத்தி தோலில் படுவதற்கு முன்னமே வந்துவிடுகிறது. நாளத்தில் மயக்க மருந்து ஏறத் தொடங்கியதில் இருந்து வரும் முதல் சில நிமிடங்கள் அவை. அந்த நிமிடங்களை நோயாளியின் உடல் எப்படித் தாங்கும் என்பதில் ஒரு பங்கு, வீட்டில் இருந்து அவர் கொண்டுபோன உண்மைகளில் தங்கியிருக்கிறது. அவர் என்ன குளிசை போட்டார், எதை விட்டார், எதை மறைத்தார், எத்தனை மணித்தியாலம் தண்ணீர் குடிக்காமல் பஸ்ஸில் வந்தார் என்பதெல்லாம் அங்கே கணக்கில் வரும்.

முதலில் அந்த ஊசி என்ன செய்கிறது என்று பார்ப்போம். இன்றைக்கு உலகம் முழுவதும் அதிகம் பாவிக்கப்படுவது புரோபோஃபோல் என்ற வெள்ளைத் திரவம். பிரித்தானியாவின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ஜோன் கிளென் என்ற கால்நடை வைத்தியர் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய மருந்து. 1986இல் பாவனைக்கு வந்தது. 2018இல் அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. அருமையான மருந்துதான், அதில் சந்தேகம் இல்லை. ஏறி அரை நிமிடம், முக்கால் நிமிடத்தில் ஆள் உறங்கிவிடுவார். விழிக்கும்போது தலைப்பாரம் குறைவு, சத்தி குறைவு. ஆனால் வழமையான முழு அளவில், அதாவது உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம் வரை ஏற்றினால், மேல் பிரஷர் 25 முதல் 40 சதவீதம் வரை விழக்கூடும். 140 இருந்தவருக்கு 90 ஆகலாம். திடகாத்திரமான இளைஞனுக்கு இது பெரிய விடயமில்லை, ஓரிரு நிமிடத்தில் சமாளித்துவிடுவான். அடைபட்ட வால்வோடும் சுருங்கிய குழாய்களோடும் படுத்திருப்பவருக்கு அந்த ஓரிரு நிமிடமே போதும்.

ஏன் விழுகிறது? எங்கள் பெரியமடுக் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குளத்தில் இருந்து வருகிற தண்ணீர் அதே அளவுதான், ஆனால் துருசுக்குக் கீழே உள்ள வாய்க்கால்கள் எல்லாம் திடீரென்று இரண்டு மடங்கு அகலமாகிவிட்டன என்றால் என்ன நடக்கும்? வாய்க்காலில் நீர்மட்டம் இறங்கிவிடும், கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறாது. புரோபோஃபோல் இரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரிக்கிறது. நாளங்களில் இரத்தம் தேங்கி, இதயத்துக்குத் திரும்புகிற அளவு குறைகிறது. இதயத் தசையின் சுருக்கமும் கொஞ்சம் தளர்கிறது. இதற்கும் மேலாக, பிரஷர் இறங்கினால் இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கிற உடலின் காவல் ஏற்பாட்டையும் அந்த மருந்து மழுங்கடித்துவிடுகிறது. பிரஷர் விழும், ஆனால் விழுந்ததை உடல் உணர்ந்து எழுந்து நிற்காது. இரண்டும் ஒன்றாக நடப்பதுதான் பயம்.

இப்போது எந்த இதயத்துக்கு எது ஆபத்து என்று பார்க்க வேண்டும். "இதய வருத்தம்" என்ற ஒரே பேரில் நாங்கள் சொல்லும் நோய்கள் ஒன்றுக்கொன்று எதிரான தேவைகளோடு இருக்கின்றன.

பெருநாடி வால்வு சுருங்கியவர்களை எடுங்கள். வயது போனவர்களில் அதிகம். இடது இதயவறையின் சுவர் தடித்துப்போய், குறுகிய வாசலால் இரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். அந்தத் தடித்த சுவருக்கே இரத்தம் போய்ச் சேர வேண்டுமானால், இதயம் ஓய்கிற கணத்தில் பெருநாடியில் போதிய பிரஷர் நிற்க வேண்டும். ஊசி ஏறி பிரஷர் சரிந்தால் இதயத் தசைக்கு இரத்தம் போதாது. தசை சோர்ந்தால் பிரஷர் இன்னும் சரியும். சரிந்தால் இன்னும் சோரும். இந்தச் சுழலில் இதயம் நின்றுவிட்டால், நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிப்பதும் இவர்களில் மிகக் கடினம், ஏனென்றால் வெளியில் இருந்து எவ்வளவு அழுத்தினாலும் அந்தக் குறுகிய வாசலால் போதிய இரத்தம் வெளியேறாது. அதனால்தான் நல்ல மயக்க மருந்து நிபுணர் இப்படிப்பட்டவருக்கு ஊசியைத் தொடுவதற்கு முன்னமே மணிக்கட்டு நாடியில் சிறு குழாய் போட்டு, ஒவ்வொரு துடிப்பின் பிரஷரையும் திரையில் பார்க்கிறார். குழாய்களைச் சுருக்கிப் பிரஷரை ஏற்றுகிற மருந்தை சிரிஞ்சில் இழுத்துப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறார்.

ஈரிதழ் வால்வு சுருங்கியவர்களின் கதை வேறு. எங்கள் பக்கத்தில் இது இளம் வயதிலேயே வருகிறது. சின்ன வயதில் தொண்டை நோவாக வந்து, மூட்டு வீக்கமாக மாறி, இதயத்தைக் கடித்துவிட்டுப் போகிற வாதக் காய்ச்சலின் மிச்சம் அது. மாதா மாதம் பென்சிலின் ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவர்களுக்கு இதயம் வேகமாகத் துடிப்பதே நஞ்சு. மேலறையில் இருந்து கீழறைக்கு இரத்தம் இறங்க நேரம் வேண்டும். வேகம் கூடினால் நேரம் குறையும், இரத்தம் பின்னுக்குத் தேங்கி நுரையீரலில் தண்ணீர் கோர்த்துவிடும். மாறாக வால்வு கசிகிறவர்களுக்கு இதயம் மெதுவாகத் துடித்தால்தான் ஆபத்து. ஒருவருக்கு மருந்து, பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குக் கேடு.

அப்படியானால் பிரஷரை விழுத்தாத வேறு ஊசி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. கெட்டமின் 1962இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டு 1970இல் அனுமதி பெற்றது. அது பிரஷரையும் இதயத் துடிப்பையும் ஏற்றும். இதயத்தைச் சுற்றித் தண்ணீர் கட்டி அழுத்துகிறவர்களுக்கும், நீலம் பாரிக்கிற பிள்ளைகளுக்கும் இது பல வேளை கைகொடுக்கும். ஆனால் இதயத்துக்கே இரத்தம் கொடுக்கிற முடியுருக் குழாய்கள் அடைபட்டவருக்கும் ஈரிதழ் வால்வு சுருங்கியவருக்கும் அதே ஏற்றம் ஆகாது. இன்னொன்றும் உண்டு. கெட்டமின் பிரஷரை ஏற்றுவது உடலில் இருக்கிற அட்ரினலின் வகைச் சுரப்புகளை உசுப்பித்தான். நாள்பட்ட இதயச் செயலிழப்பால் அந்தக் கையிருப்பு வற்றிப்போனவருக்கு உசுப்ப ஒன்றும் இருக்காது. அங்கே கெட்டமின் இதயத் தசையைத் தளர்த்துகிற தன் மறுமுகத்தைக் காட்டும், பிரஷர் விழும்.

எட்டோமிடேட் என்று ஒன்று, 1970களில் பெல்ஜியத்தில் இருந்து வந்தது. இதயத்தை மிகக் குறைவாகத் தொந்தரவு செய்வது இதுதான். ஆனால் 1983இல் ஸ்கொட்லாந்தின் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் இருந்து வந்த எச்சரிக்கை உலகத்தை உலுக்கியது: இதைத் தொடர்ச்சியாக ஏற்றிய நோயாளிகளில் இறப்பு கூடியிருந்தது. சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பி கோர்ட்டிசோல் சுரப்பதை இது தடுத்துவிடுகிறது. ஒரேயொரு ஊசிகூட அந்தச் சுரப்பைப் பல மணித்தியாலங்களுக்கு அடக்கிவைக்கும். அதனால் தொடர்ச்சியாக ஏற்றுவதைக் கைவிட்டார்கள். எல்லா வைத்தியசாலைகளிலும் இந்த மருந்து கையிருப்பில் இருப்பதும் இல்லை.

மிடசோலம், ஃபென்டனில் சேர்த்துக் கொடுப்பது இன்னொரு வழி. 1969இல் பொஸ்டனில் எட்வர்ட் லோவன்ஸ்டீன் குழுவினர், வால்வு கெட்டுப்போன நோயாளிகளுக்கு மோர்ஃபினைப் பெரிய அளவில் நாளத்தில் ஏற்றியே இதயச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்று காட்டினார்கள். பிறகு அந்த இடத்துக்கு ஃபென்டனில் வந்தது. தனியாகப் பார்த்தால் ஃபென்டனில் பிரஷரைப் பெரிதாக விழுத்தாது, துடிப்பை மெதுவாக்கும். மிடசோலமும் தனியாக மெதுவானதுதான். இரண்டும் சேரும்போது விழுகிற அளவு, தனித்தனியே எதிர்பார்த்ததை விடக் கூடும். "சும்மா கொஞ்சம் தூக்க மருந்து" என்று எழுந்தமானமாகச் சொல்லப்படுவதைக் கேட்டால் எனக்கு நெஞ்சு பதறுவது இதனால்தான்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். 1888, 1889இல் ஹைதராபாத்தில், நிஜாமின் செலவில், குளோரோஃபோம் என்ற பழைய மயக்க மருந்து பற்றி இரண்டு ஆணைக்குழுக்கள் பரிசோதனை செய்தன. எட்வர்ட் லோரி என்ற வைத்தியர் முன்னின்று நடத்தினார். குளோரோஃபோம் மூச்சைத்தான் நிறுத்துகிறது, இதயத்தை நேரடியாகத் தாக்குவதில்லை, ஆகவே மூச்சைக் கவனித்தால் போதும் என்று முடிவு சொன்னார்கள். 1911இல் குட்மன் லெவி என்ற ஆய்வாளர், குளோரோஃபோம் லேசாக ஏறியிருக்கும்போது அட்ரினலின் சேர்ந்தால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றே போகும் என்று விலங்குகளில் காட்டினார். இடையில் இருபது வருடத்துக்கு மேல் போய்விட்டது. மூச்சை மட்டும் பார்த்து நாடியைப் பார்க்காமல் விட்டதால் எத்தனை உயிர் போனதோ, யார் எண்ணியது? மயக்க மருந்து இதயத்தை என்ன செய்கிறது என்ற கேள்வி அற்பக் கேள்வி இல்லை. எங்கள் பக்கத்து மண்ணிலேயே பெரிய படிப்பாளிகள் அதில் தவறியிருக்கிறார்கள்.

வீட்டாரிடம் அதிகம் பேசப்படாத, ஆனால் அவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. பலவீனமான இதயம் இரத்தத்தை மெதுவாகத்தான் சுற்றவிடும். கையில் ஏற்றிய மருந்து மூளைக்குப் போய்ச்சேர, மற்றவருக்கு அரை நிமிடம் என்றால் இவருக்கு ஒரு நிமிடம், சில வேளை அதற்கும் மேல் எடுக்கும். "இன்னும் உறங்கவில்லையே" என்று அவசரப்பட்டு இரண்டாவது தடவை அமத்தினால், இரண்டு தடவை ஏற்றியதும் ஒன்றாகப் போய்ச் சேரும். அதனால் இதய நோயாளிக்கு ஊசி சொட்டுச் சொட்டாக, பொறுமையாக, குறைந்த அளவில் ஏற வேண்டும். பட்டறிவு உள்ளவர்கள் இதை நன்றாக அறிவார்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ கொழும்புத் தேசிய வைத்தியசாலையிலோ இதய அறுவைக்கென்றே பயிற்றப்பட்ட குழு இதைச் செய்கிறது. நான் அதிகம் பயப்படுவது அந்தக் கட்டிலைப் பற்றி இல்லை.

என் பயம் வேறு இடத்தில். இதய நோய் உள்ளவர் இதயத்துக்கு அல்லாத சின்ன வேலைக்குப் போகிறார். பல் பிடுங்க, வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க, ஹேர்னியா வெட்ட. "இது சின்ன வேலைதானே" என்று வால்வு வருத்தத்தைச் சொல்வதே இல்லை. அங்கே நாடியில் குழாய் இல்லை, பிரஷரை ஏற்றுகிற மருந்து சிரிஞ்சில் இல்லை, சில இடங்களில் மயக்க மருந்து நிபுணரே பக்கத்தில் இல்லை. மைக்கேல் ஜாக்சன் 2009 ஜூன் 25இல் இறந்தது சத்திரசிகிச்சைக் கூடத்தில் இல்லை, தன் வீட்டுப் படுக்கையறையில். நித்திரை வரவில்லை என்பதற்காக அவருடைய வைத்தியர் புரோபோஃபோல் ஏற்றியிருந்தார், வேறு தூக்க மருந்துகளும் உடலில் இருந்தன. பிரஷரையும் மூச்சையும் அளக்கிற கருவிகள் ஒழுங்காக இல்லை. 2011இல் அந்த வைத்தியர் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். உலகப் புகழ் பெற்ற பாடகருக்கே கருவி இல்லாத இடத்தில் இந்த ஊசி எமனாகியது. உங்களுக்கு இதய வருத்தம் இருந்தால், எந்தச் சின்ன வேலைக்கும் தூக்க ஊசி போடப்போகிறோம் என்று சொன்னால், முதலில் சொல்லுங்கள்: "எனக்கு இன்ன வால்வு பழுது, இன்ன எக்கோ றிப்போட் இருக்கு." பிறகு கேளுங்கள்: "மயக்க மருந்து டொக்டர் பக்கத்தில நிற்பாரா?" கேட்க வெட்கப்படாதீர்கள். கேட்டதற்காக முகம் சுளிக்கிற இடத்தில் கை நீட்டாதீர்கள்.

இனிக் குளிசைகள். இதைத்தான் மிகக் கவனமாக வாசிக்க வேண்டும்.

எனலாப்ரில், கப்டோப்ரில், லொசாட்டன் போன்ற பிரஷர் குளிசைகளை எங்கள் ஊரில் பலர் எடுக்கிறார்கள். இவை உடல் பிரஷரைத் தாங்கிப் பிடிக்கிற ஒரு பெரிய வழியை அடைத்துவைத்திருக்கின்றன. அன்று காலையில் இதை விழுங்கிவிட்டுப் போனவருக்கு மயக்க ஊசி ஏறும்போது, பிரஷர் வழமையை விடக் கீழே போய், ஏற்றுகிற மருந்துக்கும் எளிதில் மசியாமல் நிற்கலாம். அதனால் பல குழுக்கள் 24 மணித்தியாலத்துக்கு முன் நிறுத்தச் சொல்கின்றன. சில குழுக்கள் அப்படிச் சொல்வதில்லை, அதற்கும் நியாயம் இருக்கிறது. ஆகவே நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

அட்டெனோலோல், பைசோபிரோலோல், மெட்டோபிரோலோல் போன்ற, துடிப்பைக் குறைக்கிற குளிசைகள் நேர்மாறானவை. நெடுநாள் எடுத்துவருகிறவர் திடீரென்று விட்டால் இதயம் எகிறித் துடிக்கும், அடைபட்ட குழாய்க்காரருக்கு மாரடைப்பே வரலாம். அதேவேளை, இதுவரை எடுக்காதவருக்கு ஒப்பரேஷனுக்குச் சற்று முன்பு பெரிய அளவில் தொடங்கியதும் கேடாக முடிந்திருக்கிறது. இதயமல்லாத சத்திரசிகிச்சைக்குப் போன 8,351 நோயாளிகளில் மெட்டோபிரோலோலைச் சோதித்து 2008இல் வெளியான பெரிய ஆய்வு, மாரடைப்பு குறைந்தது ஆனால் பக்கவாதமும் இறப்பும் கூடின என்று காட்டியது. ஊரில் யாரோ சொன்னார்கள் என்று பக்கத்து வீட்டு அட்டையில் இருந்து ஒரு குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு போகிற பழக்கம் இருக்கிறதே, அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சலம் போகிற குளிசை எடுக்கிறவர்கள், சீனிக்கு டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுக்கிறவர்கள் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். இந்தச் சீனிக் குளிசைகளை மூன்று நாளுக்கு முன்னமே நிறுத்துமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் அறிவுறுத்தியது. பட்டினியில் இருக்கும்போது இவை இரத்தத்தில் அமிலம் சேர வைக்கும், சீனி அளவு அவ்வளவாக ஏறாமலேயே. ஆளைப் பார்த்தால் தெரியாது, சீனி பார்த்தாலும் தெரியாது.

வயாக்ரா வகைக் குளிசை எடுக்கிற ஆண்கள் அதை மனைவியிடமே சொல்வதில்லை, டொக்டரிடம் எங்கே சொல்லப்போகிறார்கள்! இதய நோயாளிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற நைட்ரேட் மருந்தோடு இது சேர்ந்தால் பிரஷர் பாதாளத்துக்குப் போகும். மயக்க மருந்து நிபுணரிடம் தனியாக, மெதுவாகச் சொல்லுங்கள். அவர் அதை வெளியில் சொல்ல மாட்டார்.

இன்னும் மறைக்கப்படுவது ஒன்று இருக்கிறது, எழுதவே மனம் கனக்கிறது. மன்னார்க் கரையால் கேரளக் கஞ்சா வந்து இறங்குவது எல்லோருக்கும் தெரிந்த கதை. இப்போது ஐஸ் என்ற போதைப்பொருளும் ஊருக்குள் புகுந்துவிட்டது. கஞ்சா புகைத்த கையோடு மயக்க மேசைக்குப் போனால் துடிப்பு எகிறும், இதயத்துக்கு ஒட்சிசன் தேவை கூடும். நெடுநாள் புகைக்கிறவருக்கு உறங்க வழமையை விட அதிக மருந்து தேவைப்படுவதும் உண்டு. அதிக மருந்து என்றால் அதிக பிரஷர் வீழ்ச்சி. ஐஸ் இன்னும் மோசம். உடம்பில் அது ஏறியிருக்கும்போது பிரஷர் வெடிக்கும், துடிப்பு தடம் புரளும். நெடுநாள் பாவித்தவருக்கு அட்ரினலின் வகைச் சுரப்பின் கையிருப்பு தீர்ந்துபோய், விழுந்த பிரஷரை ஏற்ற வழமையாகக் கொடுக்கிற எஃபெட்ரின் போன்ற மருந்து வேலை செய்யாமல் போகலாம். பெற்றோரே, உங்கள் மகன் பாவிக்கிறான் என்று சந்தேகம் இருந்தால் மானத்தைப் பார்த்து வாயை மூடாதீர்கள். மயக்க மருந்து டொக்டர் பொலிஸ் இல்லை. அவருக்குத் தேவை அளவைத் தீர்மானிக்க ஒரு தகவல். வெற்றிலை பாக்குப் போடுகிறவர்களும் சொல்ல வேண்டும்: நெடுநாள் பாக்கு மென்று வாய் முழுதாகத் திறக்காமல் போனவருக்கு, உறங்கிய பிறகு சுவாசக் குழாய் போடுவதே போராட்டமாகிவிடும். அந்த நிமிடங்களில் ஒட்சிசன் குறைந்தால் முதலில் அடிவாங்குவது ஏற்கனவே பழுதான இதயம்.

தண்ணீர் பற்றிச் சொல்ல வேண்டும். மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் திறந்த இதயச் சத்திரசிகிச்சை இல்லை. பெரியமடுவில் இருந்து ஒருவர் யாழ்ப்பாணம் போக வேண்டும், அல்லது கொழும்பு. பிள்ளை என்றால் பெரும்பாலும் கொழும்பு சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை. வழியில் சத்தி வரும், சலம் வரும் என்று பயந்து இரவு முழுக்க ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்களை, விசேஷமாக எங்கள் உம்மாமாரை, எல்லோருக்கும் தெரியும். சலக் குளிசை வேறு எடுத்திருப்பார்கள். வெயில் வேறு. உடலில் நீர் வற்றியவருக்குக் குழாய்கள் விரிந்தால் பிரஷர் எங்கே நிற்கும்? வழமையான விதி, திட உணவு ஆறு மணித்தியாலத்துக்கு முன், தெளிந்த நீர் இரண்டு மணித்தியாலத்துக்கு முன் நிறுத்தினால் போதும் என்பது. ஆனால் இதயச் செயலிழப்பு உள்ளவருக்குத் தண்ணீர் அளவோடுதான் கொடுக்க வேண்டும், சில வைத்தியசாலைகள் நள்ளிரவில் இருந்தே நிறுத்தச் சொல்லும். எனவே முதல் நாளே தாதியிடம் நேரம் குறித்து எழுதி வாங்குங்கள்: எத்தனை மணி வரை சாப்பாடு, எத்தனை மணி வரை தண்ணீர், எவ்வளவு. நீலம் பாரிக்கிற பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம். அந்தப் பிள்ளைகளின் இரத்தம் ஏற்கனவே தடித்தது, நீர் வற்றினால் இன்னும் தடிக்கும், அழுது வீறிட்டால் நீலம் கூடும். நேரம் பிந்தினால் "பிள்ளை எவ்வளவு நேரம் பட்டினி" என்று நினைவுபடுத்தத் தயங்காதீர்கள்.

நோன்பு மாதத்தில் திகதி வந்தால்? நோயாளிக்கும் பயணிக்கும் மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. "மருந்தெல்லாம் சஹருக்கும் நோன்பு திறக்கிறதுக்கும் மாத்திப்போட்டன்" என்று நேரத்தை நீங்களாக மாற்றியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். கிளினிக் கொப்பியில் காலை என்று எழுதியிருக்கும், நீங்கள் விழுங்கியது இரவு மூன்றரைக்கு. ஊசி போடுகிறவர் கொப்பியைத்தான் நம்புவார்.

கொப்பி என்றதும் எங்கள் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஒரு தலைமுறை வளர்ந்து, போர் முடிந்த 2009க்குப் பிறகுதான் பெரியமடுவுக்குத் திரும்பி வந்தோம். இன்றும் பல குடும்பங்களுக்கு ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே. வாப்பாவின் பழைய எக்கோ புத்தளத்தில், பிரஷர் கொப்பி மன்னாரில், நிபுணரின் துண்டு யாழ்ப்பாணத்தில். இரண்டு கிளினிக்கில் ஒரே மருந்தை இரண்டு பெயரில் எழுதி, இரண்டையும் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எல்லாக் கொப்பியையும், எல்லாக் குளிசை அட்டையையும், நாட்டு மருந்துப் பொட்டலத்தையும்கூட, ஒரே பையில் போட்டுக்கொண்டு போங்கள். முன்பு ஒருமுறை மயக்க மருந்து கொடுத்தபோது பிரஷர் விழுந்ததா, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்களா, விழிக்கப் பிந்தியதா, குடும்பத்தில் யாராவது மயக்க மருந்தின்போது இறந்தார்களா என்பதெல்லாம் அந்தப் பையில் ஒரு தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இதுவரை வீட்டார் செய்ய வேண்டியதைச் சொன்னேன். அரசாங்கத்தையும் விட்டுவிட முடியாது. 2022 மார்ச்சில், டொலர் இல்லாமல் நாடு விழுந்தபோது, பேராதனை போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டால் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்த வேண்டி வந்தது. தட்டுப்பட்ட மருந்துகளில் ஒன்று நியோஸ்டிக்மின், மயக்கத்தின்போது தளர்த்திய தசைகளை மீட்டெடுக்கிற மருந்து. அந்தச் செய்தியைப் பார்த்து இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரே கவலை தெரிவித்து, எப்படி உதவலாம் என்று கேட்கும்படி கொழும்பில் இருக்கும் இந்திய உயர்ஸ்தானிகருக்குச் சொன்னார். அடுத்த வருடம், 2023இல், அதே வைத்தியசாலையில் முள்ளந்தண்டில் மயக்க மருந்து ஏற்றப்பட்ட பெண்கள் இறந்தது நாட்டையே கலக்கியது. அது நாளத்தில் ஏற்றுகிற மருந்து இல்லை, ஆனால் மருந்தின் தரம் பற்றிய பயம் எல்லா ஊசிக்கும் பரவியது. 2022க்குப் பிறகு மயக்க மருந்து நிபுணர்கள் பலர் நாட்டை விட்டும் போய்விட்டார்கள்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் இரண்டு ஆபத்து வரும். பழகிய மருந்து இல்லாமல், பழகாத மருந்தைக் கையில் எடுக்க வேண்டி வரும். இதய நோயாளிக்குப் பழகாத மருந்தின் அளவைப் பழகிப் பார்க்கிற களம் சத்திரசிகிச்சைக் கூடம் இல்லை. மற்றது, ஒரு குப்பியைப் பலருக்குப் பகிர்கிற நெருக்குதல். புரோபோஃபோல் எண்ணெய்க் கலவை, கிருமி அதில் வேகமாகப் பெருகும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பல வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வந்த தொற்றுகள், திறந்த குப்பியைச் சரியாகக் கையாளாததால் வந்தவை என்று கண்டுபிடித்தார்கள். இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவருக்கு இரத்தத்தில் கிருமி ஏறினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டியதில்லை. நாடு முழுக்க மயக்க மருந்தும், அதோடு பிரஷரை ஏற்றுகிற நோர்அட்ரினலின் போன்ற மருந்தும் ஒருநாளும் தீராமல் இருக்கச் செய்வது சுகாதார அமைச்சின் கடமை. மன்னாருக்கும் அந்தக் கடமை பொருந்தும்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு "அப்ப ஒப்பரேஷனே வேணாம்" என்று முடிவெடுத்துவிடாதீர்கள். அதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து. நோய் முற்றிய வால்வைத் திறக்காமல் விட்டால் அது தன் வேலையைச் செய்தே தீரும். எந்த மயக்க மருந்து நல்லது என்று உலகமே தேடியிருக்கிறது. 2019இல் வெளியான மிரியாட் என்ற ஆய்வில் 13 நாடுகளில் பைபாஸ் செய்த 5,400 பேரில், மூச்சால் கொடுக்கிற மயக்க வாயுவையும் நாளத்தில் ஏற்றுகிற மயக்கத்தையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருட முடிவில் இறந்தவர்கள் ஒரு பக்கம் 2.8 சதவீதம், மறு பக்கம் 3.0 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நூறு பேரில் தொண்ணூற்றேழு பேர் ஒரு வருடத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். ஆகவே "எனக்கு இந்த ஊசி போடாதீங்க, அந்த ஊசி போடுங்க" என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை. மருந்தைத் தெரிவுசெய்வது அவர்களின் வேலை. உங்கள் இதயத்தையும் உங்கள் பையையும் அவர்களுக்கு முழுதாகக் காட்டுவது உங்கள் வேலை.

மயக்க மருந்து டொக்டர் முதல் நாள் வாட்டுக்கு வந்து பார்ப்பார். அவரிடம் கேளுங்கள்: எந்த வால்வு, எவ்வளவு பழுது, நாளைக் காலை எந்தக் குளிசை, எது வேண்டாம், எத்தனை மணி வரை தண்ணீர், உறங்குவதற்கு முன் நாடியில் குழாய் போடுவீர்களா. தமிழ் தெரியாத டொக்டர் என்றால் தமிழ் தெரிந்த தாதி ஒருவரைக் கூப்பிட்டுத் தரச் சொல்லுங்கள், தலையாட்டி அனுப்பிவிடாதீர்கள். வீடு திரும்பும்போது டயக்னோசிஸ் கார்டில் என்ன மயக்க மருந்து, பிரஷர் எப்படி இருந்தது என்று எழுதித் தரக் கேளுங்கள். அந்தக் கார்டைப் படம் எடுத்து மகனின் போனிலும் மகளின் போனிலும் வையுங்கள். புத்தளத்தில் இருக்கிற மூத்தவருக்கும் அனுப்பிவிடுங்கள், அடுத்த முறை பல் பிடுங்கப் போகிற இடம் அங்கேயாகவும் இருக்கலாம்.